மாடியில் ஒரு தலை

இராஜபாளையத்தில் குடியிருந்துகொண்டு நாய் குரைக்கிறது என்று புகார் சொல்வதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு கோபுரம் வெயிலை மறைக்கிறது என்று புகார் சொல்வதும் ஒன்றுதான். கேட்கிறவர்கள் நாயையோ கோபுரத்தையோ பார்க்கமாட்டார்கள். நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இது நன்றாகத் தெரிந்தும் நான் புகார் செய்தேன். அதுவும் எழுத்து மூலமாக. அதுவும் பெயர் போடாமல்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான இராஜபாளையத்துக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தில் டவுன் பஸ்ஸில் ஏறி ஒரு நல்ல தூக்கம்கூடப் போட முடியாது. ஆனாலும் இந்தத் தெருவில் எனக்கு இன்றைக்கும் பெயர் 'ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை'தான். ரேஷன் கார்டு மாறிவிட்டது, கேஸ் கனெக்‌ஷன் மாறிவிட்டது, என் இடுப்புச் சுற்றளவுகூட மாறிவிட்டது. இந்தப் பட்டம் மட்டும் மாறவில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. இலக்கியம் என்று யாரும் பயப்பட வேண்டாம். கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, வழக்குக் கட்டு. 'கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை' என்பதை ஆங்கிலத்தில் சொல்வேன். ஆங்கிலத்தில் வந்த தீர்ப்பை, தோற்றவருக்குப் புரியும் தமிழில் சொல்வேன். காலையில் ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வீட்டில் வேலை. வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போய் வக்கீல்களிடம் கட்டுகளைக் கொடுத்துவிட்டு வருவேன்.

இதுபோக, தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் நான்தான். தெருவிளக்கு, பட்டா மாறுதல், பள்ளிக்கூட இடமாற்றம், ஓய்வூதிய பாக்கி, எதுவானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். தாளின் உச்சியில் 'நாச்சியார் துணை' என்று போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் பொருள் எழுதி, அப்புறம் ஒரு மூச்சில் முடித்துக் கொடுப்பேன். என் மனுக்களுக்குப் பலன் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. வாசித்துப் பார்த்தவர்கள் கண்கலங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி.

எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. உட்கார்ந்து படித்தால் எல்லா வாக்கியமும் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். நடந்து படித்தால்தான் பிழை காலில் இடறும். வீட்டுக்குள் இப்படி நடப்பதற்கு மனைவி தடை விதித்திருக்கிறாள். ஆகவே மொட்டை மாடி. அங்கே கைப்பிடிச் சுவர் உயரம், நான் உயரமில்லை. கீழேயிருந்து யாராவது அண்ணாந்து பார்த்தால் சுவருக்கு மேலே ஒரு தலை மட்டும் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் போய்வருவது தெரியும். கீழேயிருந்து யாராவது பார்ப்பார்கள் என்று அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மனைவிக்குத் தெரு முறையில் சித்தப்பா. அந்த வழியில் எனக்கு மாமா. அவர் மனைவி இறந்துபோய் மூன்று வருடமாகிறது. ஒரே மகள் புனேயில். வீட்டில் அவரும் மூன்று நாய்களும். மூன்றும் நம்ம ஊர் இனம்: சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு, நடந்து வந்தால் வழிவிடத் தோன்றும் ஒரு தோரணை. மூன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றை இங்கே எழுதமாட்டேன். மூன்றும் உயிரோடு இருக்கின்றன, எனக்கு மானநஷ்ட வழக்கு வேண்டாம்.

மூத்தது கனத்த குரல். நடு உருப்படி பெண். குரல் தகரத்தில் ஆணியால் கோடு இழுத்ததுபோல இருக்கும். கடைக்குட்டிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் அப்படிப் பிறப்பதுண்டு. மற்ற இரண்டும் வாயைத் திறப்பதைப் பார்த்தால் தானும் தொடங்கிவிடும். தன் சத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மற்றவை நிறுத்திவிட்டதும் தெரியாது. ஆக, கச்சேரி முடிந்து பாடகர்கள் எழுந்து போன பிறகும் தனியாக உட்கார்ந்து தாளம் போடுகிறவரைப்போல, இன்னும் பத்து நிமிஷம்.

இந்த மூன்று குரலுக்கும் நடுவில்தான் நான் 'மேற்படி சொத்தில் மேற்படி நபருக்குள்ள மேற்படி உரிமை'யை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பாகப் பிரிவினையில் இளைய மகனின் பங்கு முழுவதையும் மூத்தவனுக்கு எழுதிவிட்டேன். வக்கீல் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் ஒரு குடும்பத்தில் கொலை விழுந்திருக்கும். அன்றைக்கு முடிவு செய்தேன், மாமாவிடம் நேரில் பேசிவிடுவது என்று.

"மாமா, நாய்க கொஞ்சம் கூடுதலா..."

"ஆமா மாப்ளே, ரெண்டு மாசமா தீனி கூடுதலாத்தான் திங்கிதுக."

"தீனி இல்ல மாமா. சத்தம்."

"சத்தமா?" அவர் நாய்களைப் பார்த்தார். மூன்றும் வேப்பமரத்தடியில் படுத்து, கண்ணை மூடித் தியானத்தில் இருந்தன. "நம்ம ஊரு நாயி சும்மா கொரைக்காது மாப்ளே. ஒண்ணைப் பாத்தாத்தான் கொரைக்கும்."

"எதைப் பாத்து?"

"அதை நாயத்தான் கேக்கணும். காப்பி குடிக்கீகளா?"

குடித்தேன். நல்ல காப்பி. பெண் கொடுத்த தெருவில் ஒரு மாப்பிள்ளை இதற்கு மேல் எப்படிப் பேசுவது? 'கொஞ்சம் கூடுதலா' என்பதே என்னைப் பொறுத்தவரை போர்ப் பிரகடனம்.

அடுத்து காதை அடைத்துப் பார்த்தேன். மைத்துனன் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி செய்யும் யூனிட் ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனிடம் விஷயத்தைச் சொன்னதும் ஒரு தலையணைக்குக் காணுமளவு பஞ்சு கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு உட்கார்ந்தால் மழையில் நனைந்த ஊர்போல உலகம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் கேஸ் சிலிண்டர்க்காரர் வந்து திரும்பிப் போனார். கொரியர் வந்து திரும்பிப் போனது. மனைவி வந்தாள், அவள் திரும்பிப் போகவில்லை. ஒரு காதுப் பஞ்சை அவளே உருவி எடுத்தாள்.

"நாயி கத்துறது கேக்கக் கூடாதுன்னு வச்சிருந்தா வச்சுக்கிடுங்க. நான் கத்துறதும் கேக்கக் கூடாதுன்னுதான் வச்சிருக்கீகன்னா, இப்பவே சொல்லிருங்க."

பஞ்சுத் திட்டம் அத்தோடு கைவிடப்பட்டது.

எங்கள் ஊரில் எந்தச் சிக்கலுக்கும் முதலுதவி பால்கோவா. பிள்ளை பிறந்தால், பரீட்சையில் தேறினால், தேறாவிட்டால், கோர்ட்டில் கட்டு நகராவிட்டால், சம்பந்தி கோபித்துக்கொண்டால், கால் கிலோ வாங்கிக்கொண்டு போ என்பார்கள். தீராத பகை ஒன்று இருந்தால், கொடுத்த கோவா போதவில்லை என்று அர்த்தம். இந்த ஞானத்தில் ஊறியவன் நான். ஒரு வெள்ளிக்கிழமை வாங்கிவந்த கோவாவில் கோலிக்குண்டு அளவுக்கு ஆறு உருண்டை பிடித்து, மறுநாள் காலை நாய்கள் உச்சத்தில் இருந்தபோது மாடியிலிருந்து ஒவ்வொன்றாக வீசினேன்.

சத்தம் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. மூன்று வாலும் ஆடின. எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தில் அன்று நான்கு பக்கம் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. மூன்றாவது வாரம், கோவா தீர்ந்துபோவதன் வேகத்தை மனைவி கவனிக்கத் தொடங்கினாள். "ஒங்களுக்குச் சுகர் டெஸ்ட் எடுத்து எம்புட்டு நாளாச்சு?" என்றாள். பயந்துபோய் நிறுத்திவிட்டேன். அதற்கு அப்புறம் நாய்கள் முன்னைவிட மூர்க்கமாகக் குரைத்தன. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிற பிறவிகள் என்று கசந்துபோனேன். ஏன் இப்படி என்று யோசிக்கத் தோன்றவில்லை. யோசிப்பதற்கு நான் மாடியில் நடக்கவேண்டும், நடந்தால் குரைத்தன.

அந்தக் கசப்பில்தான் மொட்டை மனு.

மொட்டை மனு எழுதுவது சாதாரண மனு எழுதுவதைப் போல அல்ல. அதற்கு ஒழுக்கம் வேண்டும். கையால் எழுதவில்லை, கம்ப்யூட்டரில் அடித்தேன். வீட்டுப் பிரிண்டர் 'ன'கரத்தில் ஒரு கீற்று விடும் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அச்செடுத்தேன். அங்கேயே தபாலில் போட்டால் முத்திரையில் ஊர்ப்பெயர் விழும் என்று முன்யோசனையோடு, திரும்பிவந்து இராஜபாளையத்தில் போட்டேன். என் மூளை அந்த அளவுக்கு வேலை செய்தது. படிப்பு வாசனை அதிகம் தெரியக்கூடாதென்று வேண்டுமென்றே இரண்டு பிழைகள் வைத்தேன். படித்துப் பார்த்தபோது மனசு தாங்காமல் இரண்டையும் திருத்திவிட்டேன். 'மேற்படி நாய்களின் இடையறாத ஓலத்தால் இத்தெருவாசிகள் தத்தம் வாழ்நாளின் முற்பகல்களை முற்றிலும் இழந்து, பிற்பகல்களை மட்டுமே கொண்டு காலந்தள்ளி வருகின்றனர்' என்று ஒரு வரி. அதை எழுதிவிட்டு மாடிக்குப் போய் ஒரு நடை நடந்தேன். நாய்கள் குரைத்தன. அதுகூட அன்றைக்கு மேளதாளம்போல இருந்தது.

மொட்டை மனுக்களை நகராட்சியில் பெரும்பாலும் யாரும் சீந்தமாட்டார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"நோட்டீஸ் விட்ருக்கான் மாப்ளே. யாரோ பேர் போடாம மனுக் கொடுத்திருக்காக. நாயால தெருவுக்குத் தொந்தரவாம். பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்து மூலமா பதில் சொல்லணுமாம். பொறவு நேர்ல வந்து பாப்பாகளாம்."

மனைவி காப்பித் தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி காப்பி நோட்டீஸை நோக்கிக் கிளம்பியது. "எந்த வெளங்காதவன் சித்தப்பா எழுதிப் போட்டான்? அவன் கையில கட்டை மொளைக்க! நேருக்கு நேர் வந்து கேக்கத் துப்பில்லாம, மொட்டையா எழுதிருக்கான் பாருங்க. இவனெல்லாம் ஒரு ஆம்பளை?"

நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சுருக்கமாகவும் துல்லியமாகவும் என்னை யாரும் மதிப்பிட்டதில்லை.

"விடு தாயி," என்றார் மாமா. "அவன் சங்கடம் அவனுக்கு."

"என்ன சங்கடம்? நம்ம தெருவுல அப்பிடிப்பட்டவன் யாரு இருக்கா?"

"இருக்கலாம் தாயி." தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பதிலை நீங்கதான் எழுதிக் கொடுக்கணும் மாப்ளே."

"நானா?"

"ஒங்கள விட்டா யாரு இருக்கா? பதில் சரியா அமையலன்னா, மூணையும் கான்சாபுரத்துல அண்ணன் தோப்புக்குத்தான் அனுப்பணும். பெரிசு ரெண்டும் பொழச்சுக்கிடும். கடைக்குட்டியத்தான் நெனைக்கேன். ரோட்டை ஒட்டுன தோப்பு. லாரிக்காரன் ஆரன் அடிச்சா அதுக்குக் கேக்கவா போகுது?"

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், வானிலை சொல்வதுபோல. சொல்லிவிட்டுக் காப்பியைக் குடிக்காமலேயே வைத்துவிட்டார். மூன்று வருடமாக அந்த வீட்டில் மனுஷக் குரலென்று ஒன்று கேட்டிருந்தால், அது அவர் அந்த நாய்களோடு பேசிய குரல்தான். எனக்கு வேண்டியிருந்தது முற்பகலில் நான்கு மணி நேரம். அதற்காக எழுதிய ஒரு தாள், காது கேட்காத ஒரு நாயை லாரி ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தப் பார்த்தது. அந்த நல்ல வரியும் அதில்தான் இருந்தது.

"எழுதுறேன் மாமா," என்றேன்.

"நானும் சும்மா இருக்க மாட்டேன். பட்டாளத்துல சென்ட்ரி டூட்டியில ஒரு நோட்டுப் போடுவோம். எது வந்தாலும் போனாலும் நேரத்தோட எழுதணும். ஒரு வாரம் எழுதுதேன். நாயி எதைப் பாத்துக் கொரைக்குதுன்னு சர்க்காருக்குத் தெரியட்டும்."

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்த ஒரு வாரமும் நான் மாடியில் நடந்து நடந்து பதிலைத் தயார் செய்தேன். என் மனுவுக்கு நானே மறுப்பு எழுதுவது புதிய அனுபவம். மொட்டை மனுவில் இருந்த ஒவ்வொரு வாதத்திலும் எங்கே ஓட்டை என்று வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், வைத்தவனே நான்தான். ஆனால் அந்த முற்பகல் வரியை மட்டும் உடைக்க முடியவில்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன். கீழே நாய்கள் இடைவிடாமல் குரைத்தன. 'உங்களுக்காகத்தானே உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், நன்றிகெட்டதுகளே' என்று ஒருமுறை சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னேன். இன்னும் அதிகமாகக் குரைத்தன.

எட்டாம் நாள் மாமா நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், இடம், நடந்தது என்று கட்டம் கட்டியிருந்தார். புரட்டினேன்.

'06.10. வாசல். பால்காரர். குரைப்பு, அரை நிமிடம்.'

'08.25. தெரு. ஸ்கூல் வேன். குரைப்பு, ஒரு நிமிடம்.'

'09.40. கிழக்கு மாடி. ஒரு தலை. இடமிருந்து வலம். குரைப்பு.'

'09.41. அதே தலை. வலமிருந்து இடம். குரைப்பு.'

'09.55. தலை நின்றது. கீழே பார்த்தது. மேலிருந்து எதுவும் விழவில்லை. குரைப்பு அதிகமானது.'

'10.20. தலை இறங்கியது. பெரியது இரண்டும் படுத்துவிட்டன. கடைக்குட்டி 10.31 வரை.'

'11.05. மீண்டும் தலை.'

பக்கம் பக்கமாகத் தலை. செவ்வாய்க்கிழமை மலைப்பக்கமிருந்து ஒரு குரங்கு வந்திருக்கிறது. அதற்கு மூன்று நிமிடம். வெள்ளிக்கிழமை காலையில் நான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். அன்றைக்கு எதிரே ஒரே வரி: 'முற்பகல் முழுவதும் அமைதி.'

அந்தச் சொல்லை எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்தது. வேறு கேள்வி கேட்டேன்.

"மாமா, இதுல 'மேலிருந்து எதுவும் விழவில்லை'ன்னு எழுதிருக்கீகளே..."

"முன்னாடி விழும்ல மாப்ளே."

நான் நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"நல்ல கோவா," என்றார். "வெறகடுப்புல கிண்டுனதா? செம்பருத்திச் செடி மேல விழுந்ததை ரெண்டு தடவை நானும் எடுத்துத் தின்னேன். நாயி என்ன நெனைக்கும்? கொரைச்சா மேல ஒரு தலை வரும், இனிப்பைப் போடும்னு படிச்சு வச்சிருக்கு. இப்பத் தலை வருது, இனிப்பு வரல. அதுவும் மனுப் போடத்தான செய்யும்?"

நான் நாய்க்குப் பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடமே அவற்றின் கையில் போயிருந்தது. மணி அடித்ததும் ஓடிவந்து நின்ற மாணவன் நான்.

"இதை அப்பிடியே சர்க்காருக்குக் கொடுத்தா..." என்று இழுத்தேன்.

"எழுதுறது நீங்க. எப்பிடி எழுதுனா நாயத்துக்குப் பொருந்துமோ அப்பிடி எழுதுங்க."

எழுதினேன். முதலில் தயார் செய்த வாதங்கள் எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். 'அண்டை வீட்டார் ஒருவர் முன்பின் யோசியாமல் மாடியிலிருந்து இனிப்புப் பண்டம் வீசிப் பழக்கியமையாலும், பின்னர் அதை முன்னறிவிப்பின்றி நிறுத்தியமையாலும் மேற்படி நாய்கள் மனக்குறைக்கு ஆளாகி, அன்னாரின் தலையைக் காணுந்தோறும் குரைக்கலாயின. தவறு நாய்களுடையதன்று' என்று எழுதினேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை மாடியில் நடந்து படித்துப் பார்க்காமல் முடித்தேன்.

அச்செடுத்த தாளை மனைவி படித்துப் பார்த்தாள். "யாரு இந்த அண்டை வீட்டார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "ஆக, ஒங்களுக்குச் சுகர் இல்ல," என்றாள். அவள் முகத்தில் தெரிந்தது கோபமா நிம்மதியா என்று நான் ஆராயவில்லை.

பதிலை அனுப்பிச் சில நாளில் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்தார். ஹெல்மெட்டும் கோப்புமாக வந்தவருக்கு வேப்பமரத்தடியில் மாமா நாற்காலி போட்டார். நானும் உடன் நின்றேன். மூன்று நாய்களும் அவர் காலணியை மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகப் படுத்துக்கொண்டன. ஆய்வாளர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்க சார், கொரைக்கவே காணோம்? தொந்தரவுன்னு ரெண்டு பக்கத்துக்கு எழுதிருக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ளே, செத்த மாடிக்குப் போயிட்டு வாங்க."

"எதுக்கு மாமா?"

"சும்மா ஒரு நடை. எப்பவும் போறாப்பில."

போனேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன், ஒரு சர்க்கார் அதிகாரி முன்னிலையில், சாட்சியாகவும் தடயப் பொருளாகவும் ஒரே சமயத்தில் மாடிப்படி ஏறுவது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சுவரோரம் போய்த் தலையைக் காட்டினேன். பூகம்பம். இடமிருந்து வலம் நடந்தேன். மூன்று வெள்ளைத் தலைகளும் இடமிருந்து வலம் நகர்ந்தபடி குரைத்தன. வலமிருந்து இடம் நடந்தேன்; அப்படியே. ஆய்வாளர் சிரிப்பதைப் பார்த்தேன். பிறகு அவர் கோப்பைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து மடிமீது அருகருகே வைத்தார். ஒன்று மொட்டை மனு, மற்றது நான் எழுதிய பதில். அவர் விரல் முதல் தாளின் உச்சிக்குப் போயிற்று. அங்கிருந்து இரண்டாவது தாளின் உச்சிக்குப் போயிற்று. மறுபடி முதலாவதற்கு வந்து அங்கேயே நின்றது. மாமாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். மாமா ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன.

கையெழுத்து இருக்கவேண்டிய அடிப்பக்கத்தை விட்டுவிட்டு இவர் ஏன் உச்சியைப் பார்க்கிறார் என்று யோசித்த அதே நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. உச்சியில் என்ன இருக்கும்? என் அம்மா பலசரக்குச் சீட்டின் உச்சியில் போடுவது. நான் கணக்குப் பரீட்சைத் தாளில் போட்டுத் தோற்றது. எங்கள் ஊரில் பாதிப் பேர் கை தானாக எழுதுவது. இராஜபாளையத்தில் பிள்ளையார் சுழி போடுவார்கள், அவரவர் குலசாமி பெயரைப் போடுவார்கள், ஒன்றும் போடாமலும் எழுதுவார்கள். இந்தத் தெருவிலிருந்து போகிற தாள்களில் 'நாச்சியார் துணை' என்று போடுகிற ஒரே கை என்னுடையது. வீட்டுப் பிரிண்டரை மறைத்தேன். தபால் முத்திரையை மறைத்தேன். பெயரை மறைத்தேன். என் ஊரைத் தாளின் உச்சியில் நடுவாகத் தடித்த எழுத்தில் அடித்து அனுப்பியிருக்கிறேன். மொட்டை மனுவுக்கும் நாச்சியார் துணை வேண்டும் என்று கை நினைத்திருக்கிறது.

இறங்கி வந்தபோது மூத்ததும் நடு உருப்படியும் நிறுத்திவிட்டன. கடைக்குட்டி மட்டும் காலியான மாடியைப் பார்த்துத் தனியாகக் குரைத்துக்கொண்டிருந்தது. மாமா அதன் முதுகில் கையை வைத்தார், நின்றது.

ஆய்வாளர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "மொட்டை பெட்டிஷனைப் பொதுவா கிழிச்சுப் போட்ருவோம் சார்," என்று வேப்பமரத்திடம் சொன்னார். "இது வாசிக்க நல்லா இருந்துச்சு, அதான் கோப்புல ஏத்துனேன். மனு கொடுத்தவர் யாருன்னு தெரியல. பதில் எழுதுனவருக்கும் அதே நாச்சியார்தான் துணை போல. போகட்டும். மாடியில உலாத்துறவுக வேற எடத்துல உலாத்துனா, கோப்பை முடிச்சிருவேன்."

அவர் வண்டி தெருமுனையில் திரும்பியதும் கேட்டேன்.

"எப்பத் தெரியும் மாமா?"

"நோட்டீசோட மனு நகலும் வச்சிருந்தான் மாப்ளே. மொத வரியிலயே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் ஏன் எங்கிட்டயே வந்தீக?"

"வேற யாருகிட்டப் போக? தெருவுல ஒழுங்கா எழுதத் தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். சந்தேகம் இருந்தாலும் அந்த மனுவைப் பாத்தாத் தெரிஞ்சு போகுமே."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. ஒரு வாரம் ஒங்க தலையையே பாத்துக்கிட்டு சென்ட்ரி நின்னேன்ல, அதுல சிரிப்பு வந்து கோவம் போயிருச்சு." கடைக்குட்டியின் காதைத் தடவினார். "நேரா வந்து சொல்லிருக்கலாம்ல மாப்ளே."

"சொன்னேனே மாமா."

"'கொஞ்சம் கூடுதலா'ன்னீக. கோர்ட்டுக்கு எழுதும்போது அப்பிடியா எழுதுவீக? 'மேற்படி ஆளு கொஞ்சம் கூடுதலா வெட்டிட்டாரு'ன்னு?"

எந்த மனுவுக்கும் மறுப்பு எழுதுவேன், இதற்கு எழுத முடியாது.

"வீட்டுல அவளுக்கு..." என்று தொடங்கினேன்.

"என் வாயில இருந்து வராது. கையில கட்டை மொளைக்கணும்னு அந்தப் புள்ள ஆசைப்பட்டுச்சு, அது நடக்காமப் பாத்துக்கிடுங்க."

இன்றுவரை அவர் வாயிலிருந்து வரவில்லை. என் மனைவி இன்றைக்கும் நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மொட்டைக்காரனை நினைத்துத் திட்டுவாள். "ஆமாம், விளங்கமாட்டான்" என்று நானும் ஆமோதிப்பேன். மனுவைத் தவிர நான் எழுதுவது எதையும் அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

இப்போது நான் மாடிக்குப் போவதில்லை. காலையில் கட்டுகளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறேன். வெள்ளிக்கிழமைக் கோவா, வாசல் வழியாக, கையில், மாமாவுக்கு மட்டும். அவர் ஓரமாக நாற்காலியில் பேப்பர் படிப்பார். நான் பத்திரங்களை உரக்கப் படித்தபடி மரத்தைச் சுற்றி நடப்பேன். தலைக்குக் கீழே உடம்பும் இருப்பதை நேரில் பார்த்துவிட்டதாலோ என்னவோ, நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. மூத்ததும் நடு உருப்படியும் முதல் பத்தியிலேயே தூங்கிவிடும். கடைக்குட்டி மட்டும் நேரே உட்கார்ந்து, என் வாயையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். இவ்வளவு கவனமாக என் மொழிபெயர்ப்பை எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. வாக்கியம் நீண்டுகொண்டே போனால், கிழக்கெல்லை தாண்டி மேற்கெல்லைக்கு வருவதற்குள் அது ரோஸ் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விடும்.

நான் நின்று, பேனாவை எடுத்து, அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டிவிடுவேன்.